பெண்டிங்குக்கு இருபத்தொரு நாள்

பாஸ்கரன் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். அது அவருடைய குணம் என்று சொல்ல முடியாது, உத்தியோகம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக அவர் செய்துவரும் வேலை, வார்ப்பிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பது. நல்ல துண்டு கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி ‘டொப்’ என்னும். கணீர் என்றால் பச்சைச் சீட்டு. டொப் என்றால் சிவப்புச் சீட்டு. கூடவே காரணம், கையெழுத்து, தேதி. இரண்டுக்கும் நடுவில் முனகுகிற துண்டுகளுக்கு மஞ்சள் சீட்டு. அவை ஓரமாக உட்கார்ந்து மேலிடத்து முடிவுக்குக் காத்திருக்கும். பெண்டிங்.

சாயங்காலம் சுத்தியல் ஆலையிலேயே தங்கிவிடும். விரல்தான் வீட்டுக்கு வந்துவிடும். வலது கையில் மாமனார் போட்ட மோதிரம். அதைக்கொண்டு அவர் தட்டாத பொருள் குவார்ட்டர்ஸில் இல்லை. தர்பூசணி, பூந்தொட்டி, கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு பச்சையப்பன் வாங்கிய புது பைக்கின் டேங்க். மகன் கோகுல்நாத்தை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது பள்ளிக்கூடச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து தலைமையாசிரியர் ‘கம் இன்’ என்றார்.

இப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது பாஸ்கரனுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ‘நீ டிக் டிக்குனு சத்தம் போடுற’ என்று யாரும் சொல்வதில்லையே.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய்களைத் தத்துக் கொடுக்கும் முகாம் நடந்தது. காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிற கோகுல்நாத் ஒரு குட்டிக்காக மூன்று மாதம் கெஞ்சி, அம்மா ஷோபனாவிடம் சம்மதம் வாங்கியிருந்தான். குட்டியாக இருக்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், முடி கொட்டக் கூடாது என்று ஷோபனா மூன்று நிபந்தனை போட்டிருந்தாள். பாஸ்கரன் வீட்டுப் பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியதில் முகாமுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. குட்டிகள் எல்லாம் போய்விட்டன. பந்தலுக்கடியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கூண்டு. அதற்குள் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நாய், உலகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

கூண்டில் ஓர் அட்டை தொங்கியது. பெயர் லக்கி. பெண். வயது மூன்று இருக்கலாம். தடுப்பூசி போட்டாயிற்று. திருப்பி அனுப்பப்பட்டது: இரண்டு முறை. காரணம்: அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகும் அதற்கு லக்கி என்றே பெயர் இருந்ததில் கோகுல்நாத்துக்குச் சிரிப்பு வந்தது. பாஸ்கரனுக்கு வரவில்லை. அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வேணாம் சார்,” என்றாள் முகாமைக் கவனித்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியா. வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை நாய்கள் என்று வாழ்க்கையை வகுத்துக்கொண்ட பெண். “அடுத்த மாசம் வாங்க. குட்டிங்க நிறைய வரும்.”

“காரணம்னு கட்டம் போட்டிருக்கீங்க. உள்ள ஒண்ணுமில்லயே?”

“ரெண்டு வீட்லயும் ‘செட் ஆகலை’ன்னு சொன்னாங்க சார்.”

“அது எப்படிம்மா காரணம் ஆகும்? எங்க ஆலையில ‘செட் ஆகலை’ன்னு எழுதி எவனாவது ஒரு துண்டத் தள்ளுனான்னா, அடுத்த நிமிஷம் அவனத் தள்ளிடுவாங்க.”

பாஸ்கரன் குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார். கால் நான்கும் சரி. பின்காலில் ஒரு பழைய தழும்பு, ஆனால் நடைக்குப் பாதகமில்லை. தோல் சுத்தம். மூச்சு சீர். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நல்ல துண்டை இரண்டு பேர் காரணம் எழுதாமல் தள்ளியிருக்கிறார்கள். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. யோசனையில் அவர் விரல் கூண்டுக் கம்பியை இரண்டு தட்டு தட்டியது. நாய் கூண்டின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

“கூண்டு நல்லா இருக்கு,” என்றார் பாஸ்கரன்.

“என்னங்க, குட்டின்னுதான பேச்சு?” என்றாள் ஷோபனா.

“அப்பா, அது நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது.”

“திரும்பிப் பாக்காத ஒருத்தன இருபது வருஷமா வளக்கல? பழகிப்போச்சு.”

கிருஷ்ணப்பிரியா ஒரு படிவத்தை நீட்டினாள். மூன்று வாரம் தற்காலிகம். இருபத்தொன்றாம் நாள் அவளே வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு அவள் கண் முன்னால் நாய் தானாக வந்து, கையெழுத்துப் போட்டவரைத் தொட வேண்டும்.

“நானாத்தான் இருக்கணுமா? வீட்ல யாருகிட்ட வந்தாலும் போதாதா?”

“கையெழுத்துப் போட்டவருதான் சார். முன்னாடி ரெண்டு வாட்டியும் வீட்ல இருந்த மத்தவங்களுக்கெல்லாம் இவள ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கையெழுத்துப் போட்டவருதான் திருப்பிக் கொண்டு வந்து விட்டாரு.” அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். “மூணாவது வாட்டி திரும்பி வந்தா இனி கேம்புக்குக் கொண்டு வர மாட்டோம் சார். இவளால தாங்க முடியாது. கடைசி வரைக்கும் எங்க காப்பகத்துக் கூண்டுதான்.”

ஸ்கிராப் என்று அவள் சொல்லவில்லை. பாஸ்கரனுக்கு அப்படித்தான் கேட்டது. கையெழுத்துப் போட்டார்.

அயனம்பாக்கத்திலிருந்து திருமுல்லைவாயில் வழியாக ஆட்டோவில் வந்தார்கள். வழி நெடுக நாய் கோகுல்நாத்தின் காலடியில் நடுங்கிக்கொண்டே வந்தது. அதற்கு ஆட்டோ குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். பாஸ்கரன் வழி நெடுக ஆட்டோ கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். அதை யாரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அது ஹாலில் கிடந்த இரும்புக் கட்டிலுக்கடியில் புகுந்தது. மூலையில் சுவரோடு சுவராகச் சுருண்டது. பச்சையுமில்லை, சிவப்புமில்லை, ஓரமாக உட்கார்ந்திருக்கிறது என்று கோகுல்நாத் அதற்குப் பெண்டிங் என்று பெயர் வைத்தான். பச்சையப்பன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, நாய் வந்துகீதாமே? பேரு இன்னா?”

“பெண்டிங்.”

“சர்தான், பொறுமையா வெச்சுக்கலாம். இப்போ இன்னான்னு கூப்புட்றது?”

பச்சையப்பன் பக்கத்துச் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவர், அதே ஆலையில் வேறு பிரிவு. அந்தப் பெயர் முடிவாகிவிட்டது என்பதை அவருக்குப் புரிய வைக்க மூன்று நாள் ஆயிற்று.

நம்பிக்கையைச் சம்பாதிப்பதற்கு பாஸ்கரன் ஒரு முறை வகுத்தார். தினம் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் எவர்சில்வர் தட்டில் சோறு. தட்டுக்கும் நாய்க்கும் நடுவே எத்தனை டைல்ஸ் என்று எண்ணி, சமையலறைக் காலண்டரில் குறிப்பது. கட்டில் மூலையிலிருந்து தட்டு ஏழு டைல் தூரம். சோற்றை வைத்ததும் கூப்பிடுவதற்காகத் தட்டின் விளிம்பில் மோதிரத்தால் இரண்டு தட்டு. பிறகு காத்திருப்பது.

முதல் நாள்: ஏழு. இரண்டாம் நாள்: ஏழு. ஐந்தாம் நாள் வரைக்கும் காலண்டரில் ஏழு ஏழாக இறங்கியது. அவர் ஆலைக்குக் கிளம்பி, ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகுதான் பெண்டிங் வெளியே வந்து தட்டைக் காலி செய்தது.

“அண்ணாத்தே, நீ சோறு போட்டுகினு மூஞ்சையே பாத்துகினு நின்னா எந்த நாய் துன்னும்? நானே துன்ன மாட்டேன்,” என்றார் பச்சையப்பன். “மீன் தலை வெச்சுப் பாரு. வரலன்னா என்னைக் கேளு.”

பாஸ்கரன் ஆவடி மார்க்கெட்டில் மீன் தலை வாங்கி வந்து வேகவைத்து, தட்டில் வைத்து, மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினார். பச்சையப்பன் வீட்டுப் பூனை வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. ஷோபனா மத்தியானம் சீரியல் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். நாயின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. முடி கொட்டுகிறதா என்பதில் மட்டும் ஒரு கண். ஒன்பதாம் நாள் பெண்டிங் கட்டிலுக்கடியிலிருந்து வந்து அவள் புடவைத் தலைப்பின் மேல் படுத்துக்கொண்டது. பதினொன்றாம் நாள், தரையில் கிடந்து போன் பார்த்துக்கொண்டிருந்த கோகுல்நாத்தின் கால் கட்டைவிரலை நக்கியது. அவன் அதைப் பார்க்கும் முன்னாலேயே ஐயோ என்று கத்தினான். நாய் ஓடவில்லை. நின்று அவனைப் பார்த்தது.

பாஸ்கரனுக்கு ஏழு. நல்ல நாள் என்றால் ஆறரை.

“உங்களப் பாத்தா ஆபீசர்னு தெரியுதோ என்னவோ,” என்று ஷோபனா ஆறுதல் சொன்னாள். அவர் ஆபீசர் இல்லை. சிரிக்க முயன்றார். இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக ஒரு துண்டு அவரைப் பரிசோதித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. காரணமும் எழுதவில்லை.

பதிமூன்றாம் நாள், சனிக்கிழமை. முகாம்காரர்களுக்கு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். கோகுல்நாத் அப்பா சோறு வைப்பதை நான்கு நிமிடம் படமெடுத்தான். அனுப்பும் முன் பாஸ்கரன் அதை வாங்கிப் பார்த்தார். ஆலையில் எதுவும் அவர் பார்க்காமல் வெளியே போகாது. வீட்டிலும் அதே கதை.

ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

டிங் டிங். அது தட்டு. கட்டிலுக்கடியில் இரண்டு காதுகள் பின்னால் படிந்தன. கொஞ்ச நேரம் அமைதி. காதுகள் மெல்ல நிமிர்ந்தன. டக். அது சுவர். காதுகள் படிந்தன. டக் டக். அது நாற்காலிக் கால். முகம் தரையோடு ஒட்டியது. பிறகு ‘வாம்மா, வா’ என்று கொஞ்சுகிற ஒரு குரல். அந்தக் குரலுக்கு அடியில், தாளம் போடுகிற மாதிரி, டைல் மேல் டக், டக், டக்.

“யார்ரா இது தட்டிக்கிட்டே இருக்கிறது?” என்றார் பாஸ்கரன்.

கோகுல்நாத் அப்பாவையே பார்த்தான். விளையாடுகிறாரோ என்று முதலில் நினைத்தான்.

“நீதாம்பா.”

“நானா? நான் எங்க தட்டுனேன்?”

கேட்டுக்கொண்டே போனின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். கட்டிலுக்கடியில் ஏதோ சரசரவென்று பின்னால் நகர்ந்தது.

மூவரும் அந்த விரலைப் பார்த்தார்கள். விரலும் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரிதான் இருந்தது.

நான்கு நிமிட வீடியோவில் முப்பத்தொரு தட்டு. கோகுல்நாத் எண்ணிச் சொன்னான். பாஸ்கரன் கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் செய்தார். “நாய் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா இருந்துச்சு? யாராவது எதையாவது தட்டி, சத்தம் போட்டு…”

“தெரியாது சார். பூந்தமல்லி பைபாஸ் ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. கால்ல அந்தக் காயம் அப்பவே இருந்துச்சு. அதுக்கு மேல எங்களுக்கு எதுவும் தெரியாது.”

தெரியாது என்பதைக் காரணமாக எழுத முடியாது. ஆனால் அந்தக் காதுகள் படிந்ததைத் தன் கண்ணால் பார்த்தாயிற்று. இரும்பு தட்டுவதைக் கேட்டுப் பதில் சொல்லும். இந்த நாயும் பதிமூன்று நாளாகத் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கத் தெரிந்த ஆள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர்தான் கேட்கவில்லை.

அன்று பாஸ்கரன் சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினார். அது சுலபத்தில் வரவில்லை. ஷோபனா கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“கல்யாணமான புதுசுல, சப்பாத்தி மாவு பிசையும்போதாவது கழட்டுங்கன்னேன். ‘உங்கப்பா போட்டது, உசிரே போனாலும் கழட்ட மாட்டேன்’னீங்க.”

“சும்மா இருடி.”

“இல்ல, சொன்னேன். நாய்க்கு ஒரு மரியாதை இருக்கு வீட்ல.”

மோதிரம் பீரோவுக்குள் போயிற்று. விரலில் அது இருந்த இடம் வெள்ளையாக ஒரு பட்டை. ஆனால் பழக்கம் மோதிரத்தில் இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வெறும் விரலும் தட்டியது. நகமும் தட்டியது. ஆலையில் காலை எட்டிலிருந்து தட்டினால்தான் சம்பளம், வீட்டில் தட்டினால் குற்றம் என்று ஒரே கைக்கு இரண்டு சட்டம் போட்டால் கை என்ன செய்யும்? பாஸ்கரன் ஆலைக் கையுறையை மாட்டிப் பார்த்தார். அதற்கும் நாய் பயந்தது. கைலி மடிப்புக்குள் கையைச் சொருகிக்கொண்டார். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார். வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்தார், கூப்பிடவில்லை. நாயைப் பார்க்கவும் இல்லை. எதிரே சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

பதினைந்தாம் நாள்: ஐந்து டைல். பதினாறு: மூன்று. பதினேழாம் நாள் காலை இரண்டு என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார். பச்சையப்பன் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணாத்தே, ராக்கெட் உடுறா மாதிரி எண்ணிகினு கீற. பூஜ்யம் வந்தா எங்க போவும்?” என்றார். பாஸ்கரன் அன்று ஆலைக்குப் போகிற வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் பெண்டிங் ஹாலின் நடுவில், அவருக்கும் கட்டிலுக்கும் இடையே படுத்திருந்தது. அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஷோபனா சமையலறையிலிருந்து இரண்டு தேங்காய்களை எடுத்து வந்தாள்.

“சட்னிக்கு எத உடைக்கட்டும்?”

அவ்வளவுதான் கேட்டாள். பாஸ்கரனின் கை தானாக நீண்டது. ஒன்றை இடது கையில் ஏந்தி, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் முட்டியால் ஓங்கித் தட்டினார். டொக், டொக், டொக். வீட்டில் இருபத்திரண்டு வருடமாகத் தேங்காய் தேர்ந்தெடுக்கப்படுவது அப்படித்தான். அவர் தேர்ந்தெடுத்தது இதுவரை அழுகியதில்லை.

பெண்டிங் எழுந்த வேகத்தில் காபி டம்ளர் உருண்டது. கட்டிலுக்கடியில் போய் மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்து டைல் இடுக்கு வழியாக ஒரு மஞ்சள் கோடு மெல்ல ஹாலுக்கு வந்தது. ஷோபனா ஒரு துணியை எடுத்து வந்து துடைத்தாள். பாஸ்கரன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கீழே வைத்தால் சத்தம் வருமே என்று பயம்.

பதினெட்டாம் நாள்: ஏழு.

அதற்குப் பிறகு தேங்காய் குத்துமதிப்பாகத்தான் வாங்கப்பட்டது. மூன்றில் இரண்டு அழுகலாக வந்தது. ஷோபனா மூச்சுவிடாமல் வெங்காயச் சட்னிக்கு மாறினாள்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பாஸ்கரன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கோகுல்நாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்படி வந்து உட்காருகிறவன் இல்லை.

“விடுப்பா. வேணும்னேவா பண்ண?”

“வேணும்னு பண்ணியிருந்தா நிறுத்திடலாம்டா.”

கொஞ்ச நேரம் இருவரும் தெருவில் போகிற ஸ்கூட்டர்களைப் பார்த்தார்கள்.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே,” என்றான் கோகுல்நாத். “நானும் அதே கேஸ்தான்.”

“எந்தக் கேஸ்?”

“மார்க்‌ஷீட் காட்டும்போது நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. கொறஞ்ச மார்க்குக்கு நேரா விரலால ரெண்டு தட்டு தட்டுவ. அதுக்கப்புறம்தான் பேசுவ. அந்த ரெண்டு தட்டு கேட்டாலே கட்டிலுக்கடியில போய்ப் புகுந்துக்கலாமான்னு இருக்கும். இப்பகூட நீ என் ரூம் கதவத் தட்டுனா, நான் என்ன பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டேதான் தொறப்பேன்.”

“நான் உன்ன ஒரு நாள்கூட அடிச்சதில்லயேடா.”

“அடிச்சேன்னு யாருப்பா சொன்னா? காது பின்னால போயிடும். அவ்ளோதான்.”

பாஸ்கரன் மகனின் காதுகளைப் பார்த்தார். சாதாரணக் காதுகள். ஒன்றில் இயர்போன் தொங்கியது. மனிதக் காது அசையாது என்பதால் இருபது வருடமாக அவருக்கு ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் விரல் முதலில் எழுந்தது. விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதில் சொல்ல வந்தது மறந்துவிட்டது. கோகுல்நாத் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவரும் சிரித்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இருபதாம் நாள் நான்காகக் குறைந்தது. இருபத்தொன்றாம் நாள், ஞாயிறு காலை, சோறு வைக்கும்போது மூன்று. அதற்குக் கீழே போகவில்லை.

பாஸ்கரன் சொல்லியிருந்த நேரத்துக்கே, பதினொரு மணிக்கு, கிருஷ்ணப்பிரியா வந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கழுத்துப்பட்டை ஒரு முனையில் வெளியே தெரிந்தது. பெண்டிங் அவளைப் பார்த்ததும் வாலை ஒரு தடவை ஆட்டியது. ஷோபனாவின் காலை உரசிக்கொண்டு போயிற்று. கோகுல்நாத்தின் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்றது. பாஸ்கரன் தரையில் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும், அங்கே ஏதோ பள்ளம் இருப்பது போல, சுற்றிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது.

பதினொன்றே முக்கால். கிருஷ்ணப்பிரியா காபி குடித்தாள். பன்னிரண்டு. டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சார், உங்களுக்கே தெரியும்…”

“தெரியும்மா. ஃபாரத்தைக் குடுங்க.”

“அவசரம் இல்ல சார். இன்னும் கொஞ்ச நேரம்…”

“நேரத்த நான்தான் சொன்னேன், பதினொண்ணுன்னு. பன்னண்டாச்சு. குடுங்க.”

திருப்பி அனுப்பும் படிவம். கையெழுத்து, தேதி, காரணம். பாஸ்கரன் அதைத் தரையில் வைத்துக்கொண்டார். இடது கையால் தாளை அமுக்கி வலது கையால் எழுதுகிறவர். இன்று வலது கையை நம்பவில்லை. அது பேனாவைப் பிடித்தால் எழுதுவதற்கு முன் நான்கு தட்டு தட்டும். வலது கையைப் பக்கத்தில் தரையில் மல்லாத்திப் போட்டார், வேறு யாருடையதோ மாதிரி. பேனாவை இடது கையில் எடுத்தார். கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

‘நாயிடம் குறை இல்லை. எடுத்துச் சென்றவரின் கையில் குறை. பல வருடப் பழக்கம். இருபத்தொரு நாளில் பாதி சரியாயிருக்கிறது. மீதிக்கு அவகாசம் கிடைத்தால்’

இடது கையில் இவ்வளவு எழுதுவது சாதாரண வேலை இல்லை. நாக்கு ஓரமாக வெளியே வந்திருந்தது. ‘கிடைத்தால்’ என்பதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று யோசித்தார். யோசிக்கும்போது தட்டுவது அவர் வழக்கம். தட்ட வேண்டிய கை தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் ஈரமாக ஏதோ பட்டது.

பாஸ்கரன் திரும்பவில்லை. ஷோபனாவின் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கோகுல்நாத் போனை எடுக்கப் போய், எடுக்காமல் பாதியில் நின்றான்.

ஈரமான மூக்கு மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு வந்தது. ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தது. மோதிரம் இருந்த வெள்ளைப் பட்டையில் நின்றது. அங்கே நீளமாக ஒரு மூச்சு இழுத்து விட்டது. அவரும் இருபத்தாறு வருடமாக அப்படித்தான் பார்ப்பார், விரிசல் இருக்குமோ என்று சந்தேகப்படுகிற இடத்தில் கொஞ்சம் அதிக நேரம். அவர் விரலில் ஒரு துடிப்பு கிளம்பியது. அதை அவர் தோள்வரைக்கும் உணர்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். விரல் அசையவில்லை. தவறு, கொஞ்சம் அசைந்தது. கீழே போகவில்லை, மேலே போய் நாயின் தாடையைத் தொட்டது. நாய் அதைத் தாங்கிக்கொண்டது. மூன்று மூச்சு நேரம் இருக்கலாம். பிறகு தும்மியது. திரும்பி நடந்து, ஓடாமல் நடந்து, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது.

“நான் பாத்துட்டேன் சார்,” என்றாள் கிருஷ்ணப்பிரியா. கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். “பாத்துட்டேன்.”

பாஸ்கரன் படிவத்தைக் கிழிக்கப் போனார்.

“அய்யோ, கிழிக்காதீங்க. அது எனக்கு வேணும்.” அவள் அதை வாங்கி, மடிக்காமல் பைக்குள் வைத்தாள். “அந்தக் கட்டத்துல காரணம் எழுதுன மொத ஆளு நீங்கதான் சார். கூண்டுல அட்டை எழுதும்போது இனிமே மத்தவங்களுக்குக் காட்டுறேன்.”

நிரந்தரத் தத்துப் பத்திரத்தில் பாஸ்கரன் வலது கையாலேயே கையெழுத்துப் போட்டார். பெயர் என்ற இடத்தில் லக்கி என்று அச்சாகியிருந்தது. கோகுல்நாத் எட்டிப் பார்த்து, “இனிமேலும் பெண்டிங்தானாப்பா?” என்றான். பாஸ்கரன் கட்டிலுக்கடியில் பார்த்தார்.

“இருக்கட்டும். இப்பதான் மூணு மூச்சு வந்திருக்கு.”

கிருஷ்ணப்பிரியா போன பிறகு வீடு அமைதியாயிற்று. ஷோபனா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பச்சையப்பன் வாசலில் வந்து, “இன்னா அண்ணாத்தே, பூஜ்யம் ஆச்சா?” என்று மெதுவாகக் கேட்டார், எதையும் தட்டாமல், நுனிக்காலில் நின்று. பாஸ்கரன் தலையாட்டினார்.

அப்போது கட்டிலுக்கடியில் அந்தச் சத்தம் வந்தது. வால்தான். இரும்புக் கட்டிலின் காலில் ஒரு தடவை பட்டது. டங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, இரண்டு தடவை, அவசரமில்லாமல். டங், டங்.

பாஸ்கரன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“கட்டில் நல்லா இருக்கு போல,” என்றான் கோகுல்நாத்.

பதிலுக்கு அவர் விரல் டைல் மேல் ஓர் அங்குலம் எழுந்தது. அவர் அதைப் பார்த்தார். தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். டங் என்றது கட்டில். அவர் திருப்பித் தட்டவில்லை.